ரிப்போர்ட் லிங்க்ல ஒளிஞ்சிருக்கிற நம்பர்

டாக்டருக்கு எதுக்கு ஜாவான்னு கேப்பீங்க. உங்க ப்ளட் ரிப்போர்ட் இப்போ மொபைலுக்கு லிங்க்கா வருதுல்ல, அதுக்குத்தான். கொஞ்சம் நீளமான த்ரெட்.

ஓபன்எம்ஆர்எஸ்னு ஒரு இலவச மென்பொருள். நோயாளி பதிவேடு. 2004ல ஆரம்பிச்சது. நம்ம நாட்டுல சத்தீஸ்கர் கனியாரியில இருக்கிற ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனையில, இதை அடித்தளமா வெச்சுதான் பாஹ்ம்னி வந்தது. ஜாவாவுல, ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க் மேல எழுதினது.

ஸ்பிரிங்ல நீங்க தட்டுற முகவரி நேரா ஒரு பக்கத்தைத் திறக்காது. முதல்ல 'டிஸ்பேட்சர் சர்வ்லெட்' கிட்ட போகும். நம்ம ஓபி சீட்டு கவுண்டர்னு வெச்சுக்கோங்க. வைத்தியம் பாக்காது, எந்த முகவரிக்கு எந்த 'கன்ட்ரோலர்'னு பார்த்து அனுப்பும். கன்ட்ரோலர் விவரங்களைத் திரட்டி, கூடவே ஒரு பக்கத்தோட பெயரை மட்டும் சொல்லும். அந்தப் பெயருக்கான டெம்ப்ளேட்டைத் தேடி எடுக்கிறது 'வியூ ரிசால்வர்'. டெம்ப்ளேட்னா லேப் ஃபார்ம் மாதிரி: 'ஹீமோகுளோபின்'னு ஏற்கெனவே அச்சடிச்சிருக்கும், எதிர்ல நம்பரை நிரப்பினா பக்கம் ரெடி.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஓபன்எம்ஆர்எஸ்ஸோட பழைய திரைகள்ல முகவரியின் கடைசியில நோயாளி எண் வெளிப்படையாவே தெரியும். 207ஐ 208 ஆக்கினா? கவுண்டருக்குக் கவலையே இல்லை. முகவரி சரி, அனுப்பிடும். கேக்குறவருக்கு அதைப் பார்க்க உரிமை இருக்கான்னு தனியா சோதிக்கணும். ஓபன்எம்ஆர்எஸ்ல லாகின் வேணும், உள்ளேயும் அந்த உரிமைச் சோதனை இருக்கு. லாகினே இல்லாம லிங்க் அனுப்புற இடத்துல யார் சோதிப்பாங்க? வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியல்ல இந்த வகை ஓட்டைக்குத்தான் முதலிடம்.

குடிகாடு மாதிரி ஊரை யோசிங்க. கடலூர் சிப்காட்டை ஒட்டின கிராமம். மருத்துவ முகாம்ல ஒரே தெருக்காரங்க வரிசையா நின்னு ரத்தம் கொடுத்தா, நம்பரும் வரிசையா விழும். பக்கத்து நம்பர்னா பக்கத்து வீடு! ஒருத்தருக்கு டிபின்னு மேஸ்திரி காதுக்குப் போனா, மறுநாள் காண்ட்ராக்ட் வேலைக்குக் கூப்பிடுவாரா?

அதனால ரிப்போர்ட் லிங்க் வந்தா பாருங்க. ஓடிபி கேக்காம திறக்குதா? கடைசியில சின்ன வரிசை எண் இருக்கா? நம்பரை மாத்தி மட்டும் பார்த்துடாதீங்க, அடுத்தவங்க ரிப்போர்ட்டைத் திறக்கிறது சட்டச் சிக்கல். லேப்ல நேரா கேளுங்க: "இதே லிங்க்ல வேற நம்பர் போட்டா என்ன வரும்?" பதில் மழுப்பலா வந்தா, பேப்பர்ல கொடுங்கன்னு வாங்கிட்டு வாங்க.