முதலில் உட்காருங்கள்

ஓர் ஊருக்குப் புதிதாக வந்தவன் முதலில் செய்வது கேள்வி கேட்பதுதான். வழி எது, தண்ணீர் எங்கே, இன்னார் வீடு எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டேதான் அவன் ஊருக்குள் நுழைகிறான். அன்று அவனுக்குக் கிடைக்கும் விடை, அவ்வூரைப் பற்றி அவன் நெடுநாள் கொண்டிருக்கப் போகும் எண்ணத்தைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வந்து வாழும் நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், நாங்கள் இருவரும் இதனை மறந்துதான் போயிருந்தோம். ஏர்பேட்டில் ஒரு தேநீர்க் கடைக்காரர் அதனை எங்களுக்கு நினைவூட்டினார்.

ஏர்பேடு பெரிய ஊரன்று. ரேணிகுண்டாவிலிருந்து கூடூருக்குச் செல்லும் இருப்புப் பாதையில் திருக்காளத்திக்கு முன்னால் வரும் நிலையம் அது. 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக நெடுங்காலம் இருந்து, 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கிற்று. எல்லைக் கோடுகள் அடிக்கடி இடம் மாறிய பகுதி இது. 1960-இல் இந்த மாவட்டத்தின் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கோடுகள் மாறினாலும் கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் இன்றும் ஒன்றோடொன்று கலந்தே புழங்குகின்றன. 2015-இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற, ‘ஐசர்’ என்று சுருக்கமாக வழங்கும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் தம் நிலையான வளாகங்களை இவ்வட்டாரத்தில் அமைத்துக்கொண்டன. அதனால் மாணவர் சேர்க்கைக் காலத்தில், கையில் பெட்டியும் கண்ணில் கலக்கமுமாகப் பெற்றோர் பலர் இங்கே வந்து இறங்குகின்றனர்.

எங்கள் தமக்கையின் பேரனைக் கல்லூரியில் சேர்க்கும் பொருட்டு நாங்களும் அவ்வாறே வந்து இறங்கினோம். வெயில் கொளுத்திற்று. எத்திசையில் செல்வது என்று தெரியவில்லை. எதிரில் இருந்த தேநீர்க் கடையில் கேட்டோம். கடைக்காரர் உடனே வழி சொல்லவில்லை. “ரண்டி, கூர்ச்சோண்டி” என்றார். வந்து உட்காரச் சொல்கிறார் என்று தெரிந்துகொண்டோம். உட்கார்ந்தபின், தமிழுக்கு மாறி, “ஐ.ஐ.டி.யா, ஐசரா? எது வேண்டும்?” என்று கேட்டார். அதன் பிறகே வழி சொன்னார். ஆட்டோ ஒன்றையும் அழைத்துக் கூலி பேசிவிட்டார். நாங்கள் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையிலேயே வேறு இரு குடும்பத்தார் வந்து அதே கேள்வியைக் கேட்டனர். அவர்களையும் உட்காரச் சொன்னார். அதே எதிர்க்கேள்வியைப் போட்டார். “காலையிலிருந்து எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?” என்றோம். “நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன், சார். அவர்கள் இப்போதுதானே கேட்கிறார்கள்?” என்றார்.

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்கம் இணையத்தில் ஒரு வினா-விடை அரங்கம் நடத்தி வருகிறது. புதிதாகக் குடியேறும் தமிழர்கள் வீடு, பள்ளி, மளிகை, மருத்துவம் பற்றிக் கேட்கவும், முன்னரே வந்தவர்கள் விடை கூறவும் ஏற்பட்டது அது. அதன் பொறுப்பு எங்களிடம் இருந்தது. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு அலுப்புற்று, ‘கேட்குமுன் பழைய பக்கங்களைத் தேடுக’ என்று ஒரு விதி செய்தோம். விதி தவறன்று, அதனை நாங்கள் கையாண்ட விதமே தவறு. ஒரு நாள், ஊருக்கு வந்து ஒரு மாதமே ஆன இளம்பெண் ஒருத்தி, “இங்கே தமிழ் தெரிந்த மகப்பேறு மருத்துவர் யாரேனும் உண்டா?” என்று எழுதினார். “இது முன்பே கேட்கப்பட்டுள்ளது, தேடிப் பார்க்கவும்” என்று நாங்கள் விடை எழுதினோம். வணக்கமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. மூவர் அந்த விடையை ஆமோதித்துக் கட்டைவிரல் உயர்த்தினர். அந்தப் பெண் அதன் பின் அரங்கில் ஒரு சொல்லும் எழுதவில்லை. அதனை நாங்கள் கவனிக்கவும் இல்லை. ஏர்பேட்டுத் தேநீர்க் கடையின் பெஞ்சில் அமர்ந்திருந்தபோதுதான் அவர் நினைவு வந்தது.

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பிரித்தார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன அப்பகுதி, அன்று வேறு பொருளில் எங்கள் முன் நின்றது. அறிந்தவன் கேட்பது அறிவினா. அறியாதவன் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று மயங்குபவன் கேட்பது ஐயவினா. கடையில் நின்று ‘பருப்பு உளதோ?’ என்று கேட்பது கொளல்வினா. கொளல்வினா கேட்பவனுக்கு உண்டு, இல்லை என்னும் செய்தி மட்டும் போதாது, பொருளும் வேண்டும். புதியவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் அறியாவினாவின் உடையில் வரும் கொளல்வினாவே. மருத்துவரின் பெயரைக் கேட்பவர், அப்பெயரோடு சிறிது துணையையும் கேட்கிறார்.

விடைகளுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரே பதில் தருவன. மற்ற ஐந்தும் சுற்றி வந்து பதிலாக அமைவன. ‘இது செய்வாயா?’ என்பவனிடம் ‘நீயே செய்’ என்பது ஏவல் விடை. ‘தேடிப் பார்க்கவும்’ என்று நாங்கள் எழுதியது அதுதான். தேநீர்க் கடைக்காரர் ‘ஐ.ஐ.டி.யா, ஐசரா?’ என்றது வினா எதிர் வினாதல். இரண்டுமே இலக்கணத்துக்கு உட்பட்டவைதாம். ஆனால் ஒன்று கேட்டவனை வெளியே தள்ளுகிறது. மற்றொன்று அவனை அருகே இழுத்துக்கொள்கிறது.

பேரனைச் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் வியாசாசிரமத்துக்குச் சென்றோம். 1926-இல் இதனை நிறுவிய மலையாள சுவாமிகளும் இம்மண்ணுக்குப் புதியவரே. கேரளத்தில் 1885-இல் பிறந்து, திருமலையில் பல்லாண்டு தவம் இயற்றி, பின் ஏர்பேட்டில் அமர்ந்தார். தெலுங்கைக் கற்று, அம்மொழியிலேயே மக்களுக்கு வேதாந்தம் சொன்னார், நூல்களும் எழுதினார். வடமொழிக் கல்வியும் மறைநூற் பயிற்சியும் சிலருக்கே உரியவை என்று கருதப்பட்ட நாளில், சாதி வேறுபாடும் ஆண் பெண் வேறுபாடும் பாராமல் அவற்றைக் கற்க வழி செய்தார். வெளியிலிருந்து வந்த ஒருவர், வெளியில் நிறுத்தப்பட்டோர்க்குக் கதவு திறந்தார் என்பது எங்கள் நெஞ்சில் பதிந்தது.

அங்கே மர நிழலில் இருந்தபோது பிரச்ன உபநிடதத்தின் தொடக்கம் நினைவுக்கு வந்தது. ஐயங்களுடன் அறுவர் கையில் சமித்துகளோடு பிப்பலாத முனிவரை நாடிச் செல்கின்றனர். அவர் உடனே விடை கூறவில்லை. இன்னும் ஓராண்டு தங்கியிருங்கள். அதன்பின் வேண்டியதைக் கேளுங்கள். நமக்குத் தெரிந்தால் சொல்வோம் என்கிறார். அப்படியானால் புதியவரைக் காக்க வைத்த நாங்களும் முனிவரின் வழியில்தானே நின்றோம் என்று ஒரு கணம் ஆறுதல் தேடினோம். அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. முனிவர் அவர்களைக் காத்திருக்கச் சொன்னது வாசலுக்கு வெளியே அன்று, தம்முடன் இருக்கவைத்து. கேள்வி காத்திருந்தது, கேட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். நாங்களோ கேள்வியைத் திருப்பியனுப்பியபோது கேட்டவரையும் திருப்பியனுப்பிவிட்டோம். ஓர் அவைக்கு விதி இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். ஆனால் உட்கார இடம் கொடுத்த பிறகு சொல்லப்படும் விதி வேறு. நிற்க வைத்துச் சொல்லப்படும் விதி வேறு.

இக்குறை எங்களுக்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறி நிரல் எழுதுவோர்க்காக 2008-இல் தொடங்கிய ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ என்னும் உலகப் புகழ் பெற்ற வினா-விடைத் தளம், தன்னிடம் வரும் புதியவர் பலர் அதனைக் கடுமையான இடமாகக் காண்கின்றனர் என்று 2018-இல் தானே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அவ்வாண்டிலேயே, கேட்பவர் புதியவர் என்பதை மற்றவர் அறியும்படி அவர் பெயரருகே ஓர் அடையாளம் இடும் முறையைக் கொண்டுவந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-க்குப் பின் பங்களிப்போர் தொகை குறைந்து வந்ததை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் முயற்சிகளே தள்ளப்படுவதையும், தரம் காக்க ஏற்பட்ட விதிகளும் கருவிகளும் அதற்குத் துணைபோவதையும் முக்கியமான காரணங்களாகச் சுட்டிற்று. புதியவர் கூச்சமின்றிக் கேட்பதற்கென்றே அங்கு 2012-இல் ஓர் இடம் ஏற்படுத்தினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘டீ ஹவுஸ்’. ஏர்பேட்டிலிருந்து திரும்பிய எங்களுக்கு அப்பெயரின் பொருத்தம் நன்கு விளங்கிற்று.

நம் மொழியிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், பொதுவாகக் கூடிப் பேசும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர்; உதவி கேட்கும் பக்கத்துக்கு ‘ஒத்தாசைப் பக்கம்’ என்று பெயர். புதிதாகப் பதிவு செய்பவரின் பேச்சுப் பக்கத்தில் வரவேற்புக் குறிப்பு ஒன்றும் இடப்படும். ‘உதவி மையம்’ என்றால் படிவமும் வரிசையும் நினைவுக்கு வரும். ‘ஒத்தாசை’ என்றால் அடுத்த வீட்டுக்காரர் நினைவுக்கு வருகிறார். பெயரிலேயே பாதி வரவேற்பு அடங்கிவிடுகிறது.

ஊர் திரும்பியதும் அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடி எடுத்துப் பேசினோம். எங்களை அவருக்கு உடனே நினைவிருந்தது. “நீங்கள் சொன்னபடியே தேடினேன், ஐயா. பழைய பக்கத்தில் ஒரு டாக்டரம்மா பெயர் இருந்தது. தொலைபேசியில் கேட்டால், அவர்கள் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு ஆகிவிட்டது என்றார்கள். மறுபடியும் கேட்டால் இன்னும் ஏதாவது சொல்வீர்களோ என்று விட்டுவிட்டேன்” என்றார். குரலில் கோபமே இல்லை. குழந்தைக்குப் பதினான்கு மாதம் ஆகிறதாம். தாயாருக்கு விசா கிடைக்கவில்லை. கணவர் ஒருவரே உடனிருந்தாராம். “பத்தியச் சமையல்கூட அவரே இணையத்தில் பார்த்துச் செய்தார், அம்மா” என்று சிரித்தார். எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நான்கே தெரு. ஒரு பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்க இங்கே ஆள் இல்லாமற் போகவில்லை. கேட்டவரைத் திருப்பி அனுப்பியதால் அது நடவாமற் போயிற்று. தொலைபேசியை வைத்த பின் நெடுநேரம் நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

அதன்பின் அரங்கில் சில மாற்றங்கள் செய்தோம். புதியவரின் முதற் கேள்விக்கு எழுதும் முதல் வரி வணக்கமாக இருக்க வேண்டும். பழைய விடை இருக்குமாயின், ‘தேடுக’ என்று சொல்வதற்கு மாறாக நாமே தேடியெடுத்து, அது இன்றும் பொருந்துமா என்று பார்த்துத் தர வேண்டும். ஒவ்வொரு விடையிலும் அது எழுதப்பட்ட நாள் தெளிவாகத் தெரிய வேண்டும். மூன்று திங்களுக்குள், புதியவரிடம் அவருக்குத் தெரிந்த ஒன்றை நாம் கேட்க வேண்டும். இறுதியாகச் சொன்னதே எல்லாவற்றினும் பயனுடையதாயிற்று. எப்போதும் கேட்பவராகவே இருப்பவர் விருந்தாளியாகவே இருந்துவிடுகிறார். ஒருமுறை விடை சொன்னவரே வீட்டாராகிறார்.

அந்தப் பெண்ணிடமும் ஒன்று கேட்டோம். அவருக்குப் பேறு பார்த்த மருத்துவர் யார், எம்மொழி பேசுவார், எந்நாளில் பார்ப்பார் என்று எழுதி அனுப்ப முடியுமா என்றோம். மறுநாளே விரிவாக எழுதி அனுப்பினார். அதனை நாள் குறித்து, பழைய விடையின் மேலே வைத்திருக்கிறோம். அவர் அரங்கிற்கு இன்னும் வரவில்லை. வரும்படி வற்புறுத்த எங்களுக்கு உரிமையும் இல்லை.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களே, நம் ஒவ்வொருவர்க்கும் இந்நாட்டில் ஒரு முதல் நாள் இருந்தது. அன்று நம் கேள்விக்கு யாரோ ஒருவர் நின்று விடை சொன்னார். அல்லது சொல்லாமற் போனார். இருவரையும் நாம் மறக்கவில்லை. சென்ற வாரம் அரங்கில் ஒரு புதிய பெயர் தோன்றிற்று. கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்பது கேள்வி. பல ஆண்டுகளில் எத்தனை முறை வந்த கேள்வி என்பதை எண்ணாமல், “வணக்கம், வாருங்கள். நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள்?” என்று எழுதினோம்.