சனிக்கிழமைகளில் எடுத்த படம்

பெரியம்மா மகன் அண்ணன் சென்னையில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த காலத்தில், லீவுக்குப் பாளையங்கோட்டை வரும்போதெல்லாம் அழுக்குத் துணி மூட்டையோடு ஜிப் வைத்த கறுப்பு உறை ஒன்றையும் கொண்டுவருவான். திறந்தால் ரெக்ஸின் வாசனை குப்பென்று வரும், பக்கத்துக்கு இரண்டு தகடு, எல்லாம் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கினவை, ஒவ்வொன்றிலும் நாலைந்து படம் அடைத்துவைத்திருப்பார்கள். தகட்டை ஓரத்தில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், நடுவில் விரல் பட்டால் கையிலேயே ஒன்று போடுவான்.

‘கஜினி’ ஓடிக்கொண்டிருந்த தீபாவளி அது. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அந்தப் பட நாயகன் மாதிரி ஸ்கெட்ச் பேனாவால் கையில் என்னத்தையாவது எழுதிக்கொண்டு திரிந்தோம், நானும்தான், அம்மா தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகாமல் நீலம் நீலமாக நின்றது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன், “எல, இதுக்கு முன்னாலயே இங்கிலீசுல ஒருத்தன் எடுத்துட்டாம்ல, வா காட்டுதேன்” என்று என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தான். பட்டாசலின் மூலையில், அம்மா பின்னிய குரோஷாத் துணியைப் போர்த்திக்கொண்டு, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி மரியாதையாக இருந்தது அந்தக் கம்ப்யூட்டர். வெளியே ஐப்பசி மழை, தார்சாவில் காயப்போட்ட ஈரத் துணியின் வாடை, அடுக்களையிலிருந்து அதிரசப் பாகு கொதிக்கிற மணம், எல்லாவற்றுக்கும் நடுவில் ‘மெமெண்டோ’ ஓடி முடிந்தது. எனக்குப் பாதி புரியவில்லை. அதே தகட்டில் இரண்டாவதாக இருந்தது ‘ஃபாலோயிங்’. அண்ணனும் அதை அதுவரை பார்த்ததில்லை.

கறுப்பு வெள்ளை. உறை மாட்டிய கைகள் ஒரு பெட்டிக்குள் சின்னச் சின்னச் சாமான்களைத் துழாவுவதில் படம் ஆரம்பிக்கும். பிறகு ஒரு இளைஞன், வேலைவெட்டி இல்லாதவன், எழுத்தாளனாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவன், லண்டன் தெருக்களில் முன்பின் தெரியாத ஆட்களின் பின்னாலேயே போகிறான். திருட அல்ல, சும்மா, அவர்கள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார்க்க. ஒருத்தரை இரண்டாம் தடவை தொடரக் கூடாது என்று தனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, அதை மீறுகிறான். காப் என்கிற கோட்டுப் போட்ட ஆள் அவனைக் கண்டுபிடித்து எதிரில் வந்து உட்கார்ந்துவிடுகிறான். அங்கிருந்து வீடு புகுந்து திருடுவது, ஒரு பொன்முடிக்காரி, ஒரு வழுக்கைத் தலையன் என்று கதை இருண்டுகொண்டே போகும். காப்பைத் தவிர டைட்டிலில் யாருக்கும் பெயர் கிடையாது, இளைஞன், பொன்முடிக்காரி, போலீஸ்காரர், அவ்வளவுதான். அந்த காப் என்ற பெயரைப் படத்தின் இயக்குநர் நோலன் மறக்கவில்லை, பிறகு ‘இன்செப்ஷ’னில் டிகாப்ரியோவுக்கு அதைக் கொடுத்தார்.

ஆச்சி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்து, “என்னல, கலரு போயிட்டா?” என்றாள். படமே அப்படித்தான் ஆச்சி என்றதும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள். அவளுக்குக் கறுப்பு வெள்ளையில் ஒரு நிழல் விழுந்தால் போதும், ‘அந்த நாள்’ ஞாபகம் வந்துவிடும். “பாட்டே கெடையாது, சிவாஜி செத்துக் கெடப்பாரு, ஆருடா சுட்டதுன்னு கடைசி மட்டும் தெரியாது” என்று ஆரம்பித்தாள். வீணை பாலசந்தர் 1954-இல் எடுத்த படம் அது. லண்டன்காரன் படத்தையும் எங்கள் ஆச்சி பார்த்த படத்தையும் ஒரே சாதி என்று அன்றைக்கே அவள் கண்டுபிடித்தாள் என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

படத்தில் காலம் முன்னும் பின்னும் தாவும். நடந்தது முதலில் எது, பிறகு எது என்று தெரியாமல் நான் திணறியபோது அண்ணன் ஸ்பேஸ்பாரைத் தட்டி நிறுத்திவிட்டு, “முடியப் பாரு” என்றான். பரட்டைத் தலையாக இருந்தால் கதையின் ஆரம்பம், முடி வெட்டிக் கோட்டுப் போட்டிருந்தால் நடு, முகம் அடிபட்டு வீங்கியிருந்தால் அதற்கும் பின்னால். அவ்வளவு எளிதான சாவி! அதன் பிறகு நானே ஒவ்வொரு காட்சிக்கும் “பரட்டை”, “கோட்டு”, “வீக்கம்” என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன், ஆச்சியும் சேர்ந்துகொண்டாள்.

ஒரு காட்சியில் காப் ஒரு வீட்டில் புகுந்து ஒரு பெட்டியைக் கண்டெடுக்கிறான். கடிதங்கள், போட்டோக்கள், எதற்கென்று தெரியாத உதிரிச் சாமான்கள். இப்படி ஒரு பெட்டி எல்லாரிடமும் இருக்கும் என்கிறான், அதைக் கொட்டிக் கலைத்துவிடுகிறான். தன்னிடம் இருந்தது என்னவென்று மனிதர்களுக்குத் தெரிய வேண்டுமானால் அது பறிபோக வேண்டுமாம், அப்படி ஒரு நியாயம் பேசுகிறான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆச்சியின் கட்டிலுக்கு அடியில் பச்சை டிரங்குப் பெட்டி ஒன்று உண்டு. பாச்சை உருண்டை வாசனையோடு, தாத்தாவின் ஒற்றைக் காது மூக்குக் கண்ணாடி, கறுப்பு நூலில் கட்டிய தபால் கார்டுகள், மூடி இல்லாத வெள்ளிச் செப்பு, செத்துப்போன மாமாவின் பள்ளிக்கூட பெல்ட். யாரும் தொடக் கூடாது. திரும்பி ஆச்சியைப் பார்த்தேன், அவள் திரையைப் பார்த்து, “வெளங்குவானா இவன்” என்று காப்பை வைதுகொண்டிருந்தாள். அப்போது கரண்ட் போனது, யூ.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தியது, மீதியை மறுநாள் எண்ணெய்க் குளியலுக்குப் பிறகுதான் பார்த்தோம்.

அந்த லீவு முடிகிறவரை நான் ஆட்களைத் தொடர்ந்தேன். அப்பளக்காரர், ரப்பர் செருப்பு டீச்சர், தெற்கு பஜாரில் குடை ரிப்பேர் செய்கிற தாத்தா. நோட்டில் எழுதவும் செய்தேன், ‘வெற்றிலை வாங்கினார், தும்மினார்’ என்று. ஒருத்தரை இரண்டாம் தடவை தொடரக் கூடாது என்ற சட்டத்தை நான் மட்டும் மீறவே இல்லை.

அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பது வளர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. நடித்தவர்களுக்கெல்லாம் வாரம் முழுக்க வேறு வேலை இருந்ததால் சனிக்கிழமைகளில் மட்டும், ஏறக்குறைய ஒரு வருஷம் எடுத்திருக்கிறார்கள். செலவு சுமார் 6,000 டாலர். 16 மி.மீ. ஃபிலிமுக்குத்தான் பெரும்பணம் போனது, அதனால் நாடகம் மாதிரி ஒத்திகை பார்த்துப் பார்த்து, ஓரிரு டேக்கில் முடித்திருக்கிறார்கள். கேமராவைப் பிடித்தவர் நோலனே. நண்பர்கள் வீடு, பெற்றோர் வீடு என்று கிடைத்த இடத்தில் படப்பிடிப்பு, போலீஸ்காரராக நடித்தவர் அவருடைய சித்தப்பா முறை ஜான் நோலன். விளக்குக்குக் காசு இல்லை, ஆகவே ஆட்களை ஜன்னல் பக்கம் நிறுத்தி, கிடைத்த வெளிச்சத்தில் எடுத்தார்கள். இளைஞனின் அறைக் கதவில் பேட்மேன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், நாங்கள் அதைப் பார்த்த வருஷம்தான் அவருடைய ‘பேட்மேன் பிகின்ஸ்’ வெளிவந்திருந்தது.

அந்த ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. நுவார் என்கிற இருண்ட குற்றப்பட வகை என்றால் பெரிய ஸ்டூடியோ, கம்பி நிழல், சிகரெட் புகை என்பார்கள். காசில்லாதவன் கையில் அது இன்னும் உண்மையாகிவிடுகிறது, பாதி முகம் இருட்டில் இருப்பதற்கு அந்த வீட்டில் ஒரு ஜன்னல்தான் இருக்கிறது என்பதே காரணம். எங்கள் பட்டாசலுக்கும் ஒரு ஜன்னல்தான். மத்தியானம் அதனடியில் அரிசி புடைக்கிற ஆச்சியின் பாதி முகம் மட்டும் வெளிச்சத்தில் இருக்கும், அதைப் படம் என்று பார்க்க அந்தத் தகடு எனக்குக் கற்றுத்தந்தது. நோலனின் பிற்காலப் படங்கள் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே பார்க்கிறவன் நான், கோடி கோடியாகக் கொட்டி எடுத்த எதிலும் இந்த அளவு நெருக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

70 நிமிடப் படம்தான். நோலன் பெயர் சொன்னால் டிக்கெட் எடுக்கிறவராக நீங்கள் இருந்தால் இதையும் ஒரு தடவை பாருங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள்.