காற்றுப் போன சக்கரம்

தருமபுரி மாவட்டம் குன்றுகளும் மேட்டு நிலங்களும் நிறைந்தது. அங்கே கேழ்வரகுக் கொல்லைகளைச் சுற்றி முள்வேலி இடுவர். வேலியினின்று உதிர்ந்த முள் பாதையில் கிடக்கும். மழைக்குப்பின் நெருஞ்சியும் படரும். இத்தகைய பாதைகளில் மிதிவண்டியேறிப் பள்ளி செல்லும் மாணவர் பலர். பதினோராம் வகுப்பில் அரசு விலையின்றி வழங்கும் மிதிவண்டியே, சிற்றூர் மாணவர் பலரைத் தொலைவிலுள்ள மேனிலைப் பள்ளியோடு இணைக்கின்றது. அவ்விணைப்பை அறுக்க ஒரு சிறு முள் போதும்.

காற்றடைத்த டயரின் வரலாறு சுவையானது. இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் 1845இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அது வழக்கில் நிலைபெறவில்லை. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராய் இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டி 1887இல் காற்றடைத்த டயரைச் செய்தார். 1888இல் காப்புரிமை பெற்றார். வண்டியின் குலுக்கம் தணிந்தது. முள்ளைக் குறித்த அச்சமும் உடன் பிறந்தது!

பழுதுபார்க்கும் கடை இல்லாத சிற்றூரில், ஞாயிறு மாலை, தன் வண்டியைத் தானே செப்பனிட முனையும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். மறுநாள் தேர்வு. டயரோ விளிம்பை விட்டு வர மறுக்கின்றது. அவன் திருப்புளியால் நெம்புகின்றான். அதன் கூர்முனை டியூபை நசுக்கிப் புதிய துளை ஒன்றை உண்டாக்குகின்றது. டியூபை நீரில் அமிழ்த்துகின்றான். ஓரிடத்தில் குமிழி எழக் கண்டதும் மகிழ்ந்து, மற்ற இடங்களை நோக்காமல் விடுகின்றான். உப்புத்தாளால் தேய்த்துப் பசை தடவியவன், அது காயுமுன்னே ஒட்டுத்துண்டை அழுத்துகின்றான். காற்றடித்த சிறிது நேரத்தில் ஒட்டு நழுவிவிடுகின்றது. மீண்டும் ஒட்டுகின்றான், மீண்டும் காற்று இறங்குகின்றது. பொழுது சாய்கின்றது, சினம் மூள்கின்றது.

இவ்வளவிற்கும் காரணம் யாது? பசையில் உள்ள நீர்மம் ஆவியாகிப் போன பின்னரே ரப்பரும் ரப்பரும் உறுதியாகப் பற்றும். சில நிமிடம் பொறுத்திருந்தால் ஒட்டு நிலைத்திருக்கும். மற்றொரு காரணமும் உண்டு. துளைத்த முள் டயரின் உட்புறத்திலேயே ஒளிந்திருக்கின்றது. அதனைக் களையாமல் எத்தனை முறை ஒட்டினாலும் அது மறுபடி குத்தும். டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி முள்ளைத் தேடுதல் வேண்டும். துளையே இல்லாதபோதும் காற்று இறங்குமாயின், வால்விலுள்ள சிறு ரப்பர்க் குழாய் இற்றுப்போயிருக்கலாம். அதனை மாற்றினால் குறை தீரும்.

சாலையோரத்து மரநிழலில் அமர்ந்து இப்பணியைச் சில நிமிடங்களில் முடிக்கும் தொழிலாளியை நாம் பொருட்படுத்துவதில்லை. அவர் டியூபை முழுவதும் நீரில் சுற்றிப் பார்க்கின்றார். பசை காயும்வரை காத்திருக்கின்றார். முள்ளைத் தேடி எடுத்த பின்னரே டயரை மாட்டுகின்றார். அவர் விரைவு, ஒரு படியையும் விடாத ஒழுங்கினால் வந்தது. ஒருமுறை தானே முயன்று வியர்த்தவனுக்கே அக்கைகளின் அருமை விளங்கும்.

துளையை அடைத்தல் பாதி வேலை. முள்ளைக் களைதலே முழு வேலை. வாழ்வில் நேரும் குறைகளுக்கும் இது பொருந்தும் அன்றோ!