ஆட்டுத்தோல் கோட்டு

எந்த இனம் முன்னேறும், எது முன்னேறாது என்று ஜோசியம் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கனடாவின் உக்ரேனியர் ஞாபகம் வரும். 1891-இல் வரத் தொடங்கிய ஏழைக் குடியானவர்கள். 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கரம்பு. முதல் குளிர்காலத்துக்குப் பூமியைத் தோண்டிக் குடிசை. அவர்களுடைய ஆட்டுத்தோல் கோட்டைப் பார்த்து ஊர் சிரித்தது. முதல் உலக யுத்தத்தில், ஆஸ்திரியப் பிரஜைகள் என்று ஆயிரக்கணக்கானோரை முகாம்களில் அடைத்தது சர்க்கார். 1965-இல்கூட, செல்வமும் அதிகாரமும் பிரிட்டிஷ் வம்சத்தார் கையில்தான் என்று கணக்குக் காட்டினார் ஜான் போர்ட்டர் என்ற சமூகவியல் அறிஞர். 1990-இல் உக்ரேனிய வம்சத்து ரே ஹ்னாட்டிஷின் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலானார்.

ஒருவர் பதவியால் எல்லார் வீட்டு அடுப்பும் எரிந்துவிடாதுதான். ஆனாலும், ரத்தத்தில் குறை என்று தீர்ப்புச் சொல்லுமுன், சொந்த நிலமும் நூறு வருஷமும் கொடுத்துப் பார்க்க வேண்டாமா, ஐயா?