மணி பிளாண்ட்டுக்கு என் மூடு தெரியாது

எனக்கு பைபோலார் இருக்கிறது. தமிழில் இருமுனைக் கோளாறு என்பார்கள். கிளாஸில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பேருக்கு இப்போது தெரிந்துவிட்டது :-)

"இன்னைக்கு மூடு சரியில்லை" என்று எல்லோரும்தான் சொல்கிறோம். இது அது இல்லைங்க. ஏறுமுகத்தில் மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்று தோன்றும். வாய் ஓயாது, மண்டைக்குள் ஒரே நேரத்தில் பத்துத் திட்டம் ஓடும். இறங்குமுகத்தில் பல் தேய்ப்பதே ஒரு நாள் வேலை. இரண்டுமே ஒரு நாளில் போய்விடாது, வாரக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். 2019 கணக்குப்படி உலகத்தில் சுமார் 4 கோடிப் பேருக்கு இது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆக, நான் ஒன்றும் அபூர்வப் பிறவி இல்லை.

சரி, செடிக்கு வருவோம். தருமபுரியில் எங்கள் வீட்டில் தோட்டம் போட இடம் கிடையாது. ஜன்னல் ஓரம், மாடிப்படி, வாசல், அவ்வளவுதான். ஒரு மணி பிளாண்ட், ஒரு ஸ்நேக் பிளாண்ட், இரண்டு ஸ்பைடர் பிளாண்ட், ஒரு தொட்டி கற்பூரவள்ளி. போதாக்குறைக்கு திருஷ்டிக்காக ஆயா நிலைவாசலில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை. மண்ணும் இல்லை தண்ணீரும் இல்லை, ஆனாலும் மாதக்கணக்கில் பச்சையாகவே தொங்குகிறது. தடித்த இலைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகல் வெயிலில் இலைத் துளைகளை மூடி இரவில் மட்டும் திறக்கும் செடி அது. கஷ்ட காலத்தில் எப்படிக் குறைவாகச் செலவு செய்வது என்று அதனிடம்தான் கற்க வேண்டும்.

இதில் எனக்கு என்ன ஆறுதல்? செடிக்கு என் மூடு தெரியாது. அதுதான் விஷயம்.

ஏறுமுகத்தில் எனக்கு எல்லாமே உடனே நடக்க வேண்டும். மணி பிளாண்ட் அவசரப்படாது. சுருண்ட இலை விரிய அதற்கு எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் எடுத்துக்கொள்ளும். இறங்குமுகத்தில் எனக்கு எதுவுமே முடியாது. அப்போதும் அது கேட்பது நாலு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர். "ஏன் டல்லா இருக்கே?" என்று கேட்காது.

இன்னொன்று, நேரம். பைபோலார்காரர்களுக்குத் தூக்கமும் அன்றாட ஒழுங்கும் குலைந்தால் நோய் திரும்பும் அபாயம் அதிகம். அமெரிக்காவில் எல்லன் ஃபிராங்க் என்ற உளவியலாளர், எழுவது, சாப்பிடுவது, ஆட்களைப் பார்ப்பது, தூங்குவது எல்லாவற்றையும் தினமும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளப் பழக்கும் ஒரு சிகிச்சை முறையையே உருவாக்கினார். என் பங்குக்கு, காலை 6.30-க்கு எழுந்து மண்ணில் விரல் வைத்து ஈரம் பார்ப்பது. தண்ணீர் தேவைப்படாத நாளிலும் விரல் வைப்பேன்.

இப்போது நம்ம ஊர் சமாச்சாரம் ஒன்று. தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஸ்பைடர் பிளாண்ட்டுக்கும் ஃபுளோரைடு ஆகாது, இலை நுனி பழுப்பாகிக் காய்ந்துவிடும். தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. அதனால் போர் தண்ணீரை நிறுத்திவிட்டு, பிடித்து வைத்த மழைத் தண்ணீர் ஊற்றுகிறேன். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. ஆனால் புது இலை சுத்தமாக வருகிறது.

அந்தக் கருகிய நுனியைப் பார்த்து யாரும் "இதுக்குத் திமிரு", "சோம்பேறிச் செடி" என்று சொல்வதில்லை. தண்ணீரில் ஏதோ கோளாறு என்கிறார்கள். மனுஷனுக்கு மட்டும் ஏனோ வேறு சட்டம்.

சொந்தக்காரர் ஒருவர் அம்மாவிடம், "அதான் செடி வெச்சு நல்லா இருக்கானே, மாத்திரையை நிறுத்திடலாமே?" என்றார். நல்லெண்ணம்தான். ஆனால் இங்கேதான் ஆபத்து இருக்கிறது. நான் சாப்பிடுவது லித்தியம். 1949-ல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இதன் பலனை எழுதினார். இன்றும் முன்வரிசை மருந்து. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பலாம். அளவு குறைந்தால் பலன் இல்லை, கூடினால் விஷம். அதனால்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. வெயிலில் உடம்பில் நீர் வற்றினாலும் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். ஆகவே சித்திரை மாதம் செடிக்கு ஊற்றும்போது நானும் ஒரு சொம்பு குடித்துவிடுகிறேன்.

அம்மா அவருக்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: "செடி துணைங்க அண்ணா. மருந்து மருந்துதான்."

உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால், இல்லை பக்கத்து பெஞ்சில் ஒருத்தன் தூங்காமல் பறந்துகொண்டோ பேசாமல் சுருண்டோ இருந்தால், 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்புறம், மணி பிளாண்ட் கிளை வேண்டுமென்றால் கேளுங்கள். ஒரு கணு வெட்டித் தண்ணீர் பாட்டிலில் போட்டால் வேர் விடும். எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கே தெரியும்.