யந்த்ரா நதி சூழ்ந்த கோட்டை

பல்கேரியாவின் வடபகுதியிலுள்ள வெலிகோ தர்னோவோ நகரில், யந்த்ரா நதி வளைந்து சூழ நிற்கிறது ஸாரெவெத்ஸ் குன்று. 1185ஆம் ஆண்டில் பைசாந்தியப் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த அசேன், பீட்டர் சகோதரர்கள் நிறுவிய அரசுக்கு இருநூறு ஆண்டுகள் தலைநகராய் விளங்கியது இவ்விடமே.

குறுகிய பாறைவழியில் அடுத்தடுத்து மூன்று வாயில்கள், உள்ளே அரண்மனை, உச்சியில் தலைமை ஆயரின் தேவாலயம். 1205இல் போரில் சிறைப்பட்ட, கான்ஸ்டாண்டிநோபிளின் லத்தீன் பேரரசர் பால்ட்வின் தர்னோவோவிற்குக் கொணரப்பட்டார், சிறையிலேயே மாண்டார். அவர் பெயரால் வழங்கும் கோபுரம் 1930களில் மீண்டும் எழுப்பப்பட்டதாகும்.

பேரரசரையே சிறைவைத்த அந்நகரம், 1393 ஜூலை 17 அன்று, மூன்று மாத முற்றுகைக்குப் பின் சுல்தான் பாயஸீதின் படையிடம் வீழ்ந்தது. உஸ்மானிய வெற்றிகளின் வரிசையில் இதனையும் ஒன்றாகப் படித்து, நாம் பெருமிதத்துடன் கடந்துவிடுகிறோம். அரண்மனையின் எஞ்சிய அடித்தளத்தருகே நின்று எண்ணிப் பாருங்கள்! பல்கேரியருக்கு அது துயர நாள். நாடு கடத்தப்பட்ட தலைமை ஆயர் எவ்திமியை அவர்கள் இன்றும் போற்றுகின்றனர்.

காலச்சக்கரம் அங்கும் நிற்கவில்லை. அதே நகரில் உஸ்மானியர் காலத்தில் எழுந்த அரசு மாளிகையிலேதான், 1879இல் பல்கேரியாவின் முதல் அரசமைப்புச் சட்டம் நிறைவேறியது.

வென்றவர் ஏட்டை மட்டுமே படித்தவருக்கு இக்குன்றில் தெரிவது கல்லும் மண்ணுமே. தோற்றவர் துயரையும் அறிந்து செல்வோரே அதன் வரலாற்றை முழுமையாகக் காண்பர்.