காமிரா வரும் வரை

என் தந்தையார் ஏற்காட்டில் கல்யாண வீடுகளுக்குப் புகைப்படம் எடுப்பவர். காமிரா பழுதானால் எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்கும் அது தெரிந்துவிடும்!

சேர்வராயன் மலையின் மூடுபனி கண்ணுக்கு இனியது, லென்சுக்கோ எமன். ஈரக்காற்றில் கண்ணாடியின் உட்புறம் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். நாளானால் மேல்பூச்சையே அரித்துவிடும். வெளியே துடைத்துப் பயனில்லை. லென்சைப் பிரித்தே சுத்தம் செய்ய வேண்டும்.

சென்ற ஆண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் போன காமிரா, அங்கிருந்து சென்னைக்குப் போயிற்று. "பதினைந்து நாள்" என்றார்கள். உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமென்று மூன்று மாதமாயிற்று. நடுவே மே மாதக் கோடை விழாவும் வந்து போயிற்று.

முன்பணம் தந்திருந்த இரண்டு வீட்டாரிடமும் தந்தையார் நேரில் போய் நிலைமையைச் சொன்னார். ஒரு வீட்டார் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டனர். மற்ற வீட்டுக்கு வாடகைக் காமிரா. கூலியில் பாதி வாடகைக்கே சரி. என் பள்ளிக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டினோம்.

தாத்தாவின் ஆக்ஃபா கிளிக் 3 இன்னும் பெட்டியில் இருக்கிறது. பரோடாவில் செய்தது, ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். அதைத் தாத்தாவே திருப்புளியால் திறந்து சரிசெய்வாராம். லட்ச ரூபாய்க் காமிராவுக்கு மட்டும் இத்தனை தவம் ஏனோ?

இப்போது அது காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் மணிகளோடு உறங்குகிறது. நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். சூடாக்கினால் மறுபடி நீலம். மணிகளைப் பார்த்துச் சொல்வது என் வேலை. அதற்கென்றே அம்மா ஒரு பழைய வாணலியை ஒதுக்கி, சமையலுக்குத் தொடக்கூடாதென்று சொல்லிவிட்டார்.